பங்க்காரர் வீட்டுக் கரண்ட் கார்

ஜூன் 12, வியாழன்

லாவண்யா காலையில் புனேவுக்குக் கிளம்பிவிட்டாள். ஆறு மாத வேலையாம். போகிற போக்கில் தன் கரண்ட் காரை நம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் திணித்தாள். "வாரத்துக்கு ரெண்டு நாளாவது ஓட்டும்மா. சும்மா நின்னா பேட்டரிக்கு ஆகாது." நானா, ஓட்டவா? பெற்றவள் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இவர் வெளியே வந்து பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பெட்ரோல் பங்க் வச்சிருக்கவன் வீட்டு வாசல்ல கரண்ட் காரா? கறிக்கடைக்காரன் வீட்டுல வாழக்கா பஜ்ஜி போட்ட கதையால்லா இருக்கு!" சாயங்காலமே ஒரு உறை வாங்கி வந்து காரைத் தலை முதல் கால் வரை மூடிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். கரண்ட் வண்டி என்று காட்டிக்கொடுக்கும் அந்தப் பச்சை நம்பர் பலகைக்கு மட்டும் இரண்டு முடிச்சு கூடுதல். மந்தைவெளி முழுக்க இவர் மானத்தைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறதாம்.

ஜூன் 15, ஞாயிறு

1998-ல் லைசென்ஸ் எடுத்தேன். எடுத்த மறுவாரமே இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச்... ஏட்டி, கிளட்ச்!" என்று கத்த, பயத்தில் நான் எதையோ மிதிக்க, எதிர்வீட்டு கேட் பெயர்ந்து விழுந்தது. அன்றைக்கு இவர் இடுப்புக்குப் போன சாவி திரும்பி வரவே இல்லை. லைசென்ஸைப் புதுப்பிப்பதை மட்டும் நான் விடவில்லை. எதற்கு? சும்மா ஒரு வீம்புதான்.

இன்றைக்கு இவர் வெளியே போனதும் கயிற்றை அவிழ்த்தேன். இந்த வண்டியில் கிளட்ச்சே இல்லை! கியரும் இல்லை. ஒரு குமிழைத் திருகினால் போகிறது, காலை எடுத்தால் தானே தயங்குகிறது. வாசலிலிருந்து தெருமுனை, தெருமுனையிலிருந்து வாசல். மூன்று தடவை போய் வந்தேன். உனக்கு வண்டி ஓட்ட வராது, வராது என்று இருபத்தேழு வருஷமாகச் சொல்லிவந்தார்கள். எனக்கு வராமல் போனது கிளட்ச் மட்டும்தான்.

ஜூன் 19, வியாழன்

வண்டி ஓட்ட நேரம் கிடைத்துவிட்டது. எல்லாம் போணியின் புண்ணியம்.

மாமனார் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த காலத்தில், முதல் போணி நல்ல கையாக இருக்க வேண்டும் என்று தினமும் வீட்டிலிருந்தே ஒருவர் போய்க் காசு கொடுத்து ஒரு தம்ளர் வாங்கி வருவார்களாம். (எங்கள் வீட்டில் இத்தனை தம்ளர் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.) பிள்ளை விடுவாரா? காலை ஐந்தரைக்குத் தன் டீசல் வண்டியோடு லஸ் பக்கம் இருக்கும் நம் பங்க்குக்குப் போய், தானே வரிசையில் நின்று, தானே காசு கொடுத்து, தன்னிடமே ரசீது வாங்குகிறார். பிறகு டீ, பேப்பர், ஊர்க்கதை. ஏழு மணிக்கு முன்னால் வீட்டுப் பக்கம் தலை காட்ட மாட்டார்.

அந்த ஒன்றரை மணி நேரம் இனி என்னுடையது. இன்று சாந்தோம் வழியாக அடையாறு பாலம் வரை போய்த் திரும்பினேன்.

ஜூன் 23, திங்கள்

மாட்டியிருப்பேன்! லஸ் சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்பது யார் என்று பார்த்தால் இவர். இன்றைக்கென்று பங்க்கிலிருந்து சீக்கிரம் கிளம்பியிருக்கிறார். நான் மாஸ்க்கும் லாவண்யாவின் தொப்பியும் போட்டிருந்தேன். இவர் பச்சை நம்பர் பலகையைப் பார்த்தார், பாகற்காயைக் கடித்தது மாதிரி ஒரு முகம் காட்டினார், திரும்பிக்கொண்டார். பச்சை விழுந்ததும் சத்தமில்லாமல் ஒரே பாய்ச்சல், சந்து சந்தாகப் புகுந்து வீடு. இவர் வந்தபோது என் கையில் பாதி உறை. "தூசி தட்டுதேன்" என்றேன்.

இட்லி சாப்பிடும்போது சொல்கிறார்: "சிக்னல்ல ஒருத்தி கரண்ட் காருல நம்மள முந்திட்டுப் போயிட்டா. பொம்பளைங்க இப்ப என்னமா ஓட்டுதாளுவ!"

இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். கூடவே நெய்யும்.

ஜூன் 26, வியாழன்

வருஷத்துக்கு ஒருநாள் நான் முதலாளியாகும் திருநாள் இன்று. பங்க் என் பெயரில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்களுக்கென்று ஒதுக்கியதில் கிடைத்தது. டீலர்: ஸ்வர்ணலதா கனகராஜ். அதிகாரி சோதனைக்கு வரும்போது டீலர் நாற்காலியில் இருந்தாக வேண்டும். அதனால் காலையிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது. "பட்டு வேண்டாம், காட்டன் கட்டு. எது கேட்டாலும் 'இவுககிட்ட கேளுங்க'ன்னு சொல்லிராத. 'பாத்துச் சொல்லுதேன்'னு சொல்லு."

எண்ணெய்க் கம்பெனி அதிகாரி ராமானுஜம் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்தே பேசினார். "மேடம், அந்தத் தெற்கு மூலை சும்மாத்தானே கிடக்கறது? அங்க கரண்ட் வண்டிக்கு சார்ஜர் போட கம்பெனி தயார். செலவு கம்பெனியோடது. டீலரோட சம்மதக் கடிதம் மட்டும் ஆகஸ்ட் ஏழுக்குள்ள வேணும். யோசிச்சுண்டே இருந்தா வேற பங்க்குக்குப் போயிடும்."

"பாத்துக்கிடலாம் சார்" என்று பதில் வந்தது. என் வாயிலிருந்து இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அந்த மூலைய வண்டி கழுவுத வாட்டர் வாஷ் போட நம்ம சேரனுக்குக் கொடுக்கதா வாக்கு கொடுத்தாச்சு" என்றார். சேரன் இவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. "நம்ம கடை வாசல்ல எதிர்க்கடைக்காரனுக்கு நாமளே ஸ்டூல் போட்டு உக்காத்தி வைக்கவா? நீ சும்மா இரு."

சும்மாத்தான் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக.

ஜூலை 6, ஞாயிறு

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு என்று சொல்லிவைத்து, இவர் சீட்டாடப் போனதும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொய்யில்லை, போய் ஒரு சுற்று சுற்றிக் கும்பிட்டேன். ஆனால் உண்மையான வேலை வேளச்சேரியில். ராத்திரி இவர் தூங்கியபின் வீட்டு மோட்டார் பாயிண்ட்டில் சார்ஜ் போட்டுப் பழகியிருக்கிறேன், வெளியில் எப்படி என்று பார்க்க ஆசை.

பார்த்தேன். மாலில் இரண்டு சார்ஜர். ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு பையன் காரைச் செருகிவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டான். படம் விட்டு அவன் வந்தபின் நான் செருகினால், செயலி போடு, நம்பர் போடு, ஓடிபி போடு என்கிறது. ஓடிபி மட்டும் வருவேனா என்கிறது. கடைசியில் மிச்சமிருந்த ஒன்பது சதவீத சார்ஜோடு, ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, வேர்த்து ஒழுகி, வழியெல்லாம் அந்த ஆஞ்சநேயரையே கூப்பிட்டுக்கொண்டு வீடு வந்தேன். பெட்ரோல் என்றால் ஐந்து நிமிஷ வேலை. அதையும் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நானும் இவரைப் போல ஒரு பக்கமே பேசுகிறவள் ஆகிவிடுவேன்.

ஆனால் ஒன்று. சார்ஜருக்காக என்னோடு காத்திருந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் நம் பங்க் பக்கத்து அடையாறு, மயிலாப்பூர்க்காரர்கள்.

ஜூலை 9, புதன்

இவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் பங்க்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பச்சை நம்பர் வண்டி பதினொன்று வந்தது. எதற்கு? காற்றுக்கும் கக்கூஸுக்கும்! இரண்டும் நம் பங்க்கில் இலவசம்.

தேவானை பக்கத்தில் வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷமாக நம் பங்க்கில் பெட்ரோல் போடும் வேலை பார்க்கிறவள். ஆற்றங்கரையில் இருந்த குடிசையை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். "இன்னாம்மா எண்ணிக்கினு கீற?" என்றாள். சொன்னேன். குழாயை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "அல்லாம் கரண்ட் வண்டி ஆய்ட்ச்சுன்னா எங்க பொழப்பு இன்னா ஆவும்? ஒயர அவங்களே சொருவிப்பாங்க. நான் எதுக்கு?"

"சார்ஜர் இங்க இருந்தா அதப் பாத்துக்கவும் ஆள் வேணும். அது பக்கத்து பங்க்குக்குப் போயிட்டா நம்ம ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இல்ல" என்றேன். இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது நிஜம் என்று பட்டது.

ஆட்டோ ஓட்டும் ஷோயப் காற்று அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "பேட்டரி ஆட்டோ எடுக்கலாம்னுதான்க்கா பாக்கறேன். நான் கீறது மூணாவது மாடி. சார்ஜ் எங்க போட்றது, ஒயர வாயில கடிச்சிகினு எறங்கவா? இங்க போட்டீங்கன்னா நான்தான் மொத ஆளு."

ஜூலை 14, திங்கள்

இவர் காபிக்கு நடுவில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். வழக்கம்போல கையெழுத்துப் போடும் இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க, இங்க, அப்புறம் இங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இவர் விரல் நின்ற இடத்தை விட்டுவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தெற்கு மூலை, சேரன், வாட்டர் வாஷ், பத்து வருஷம். பத்து வருஷம்!

"என்னத்தப் படிக்க?" என்றார். "எழுத்து அழகா இருக்கு" என்றேன். பேனாவில் மை இல்லை என்று எழுந்து போனவள், அடுக்களையில் ஒரு மணி நேரம் புளி கரைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

வலது மணிக்கட்டில் கட்டு. தேங்காய் துருவும்போது சுளுக்கு. (சுளுக்கு சுத்தப் பொய். தேங்காய் மட்டும் நிஜம்.)

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. "ஆடியில போய்ப் புதுப் பத்திரத்துல கையெழுத்தா?" என்று கன்னத்தில் கை வைத்தேன். போணி பார்க்கிற மனுஷனால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? "ஆமா, ஆடில வேண்டாம். ஆவணில பாப்போம்" என்று காகிதக் கட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

ஆடியே, நீ நல்லா இரு.

ஜூலை 28, திங்கள்

ஐயோ.

ஆகஸ்ட் ஏழும் ஆடிதானே! சார்ஜர் கடிதத்தில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போட்டால் 'ஆடியில் ஆகாது' என்றது பொய்யாகிவிடும். போடாவிட்டால் சார்ஜர் போய்விடும். ஆடிக்குப் பின் சேரன் பத்து வருஷத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு பின்னிய வலையில் நானே போய் விழுந்திருக்கிறேன். மக்கு. மக்கு ஸ்வர்ணா.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று அஷ்டமி. இன்று நவமி. சார்ஜர் பேச்சை நான் எடுக்கவே இல்லை. இவரும் பத்திரத்தை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவர் என்னைவிடக் கெட்டிக்காரர். காலையில் சித்ரான்னத் தட்டோடு நிற்கிறேன், பத்திரத்தோடு வந்து நிற்கிறார். "இன்னைக்கு ஆடிப்பெருக்கு. எந்தத் தோஷமும் கிடையாது. இன்னைக்குத் தொட்டது பெருகும். போடு கையெழுத்த."

எனக்குத் தட்டே நழுவப் பார்த்தது. சுவரைப் பார்த்தேன். தினசரிக் காலண்டர் என்னைக் காப்பாற்றியது. மேஷ ராசிக்குச் சந்திராஷ்டமம்! நான் மேஷம். சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். இவர் கிட்டே போய், தாளைத் தூக்கிப் பார்த்து, "அடச்சே" என்றார். இந்த ஒன்றை நான் இட்டுக்கட்டவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நாளைதான் கடைசி நாள். விளையாட்டெல்லாம் போதும்.

இந்த மூலையில் எனக்கு அப்படி என்ன பிடிவாதம்? சார்ஜர் வந்தவுடன் ஊரே கரண்ட் காருக்கு மாறிவிடப் போகிறதா? இல்லை. இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் பெட்ரோலும் டீசலும் ஓடத்தான் போகிறது. லாரிக்காரரும் மூன்றாவது மாடி ஷோயப்பும் நாளைக்கே மாறிவிட முடியாது. ஆனால் பதினொரு வண்டி காற்று அடித்துவிட்டுப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேனே. அது இருபது ஆகும், ஐம்பது ஆகும். இவர் கண்ணுக்கு மட்டும் ஏன் படவில்லை?

இல்லை, அதுகூட இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். டீலர் என்று இருக்கிற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, ஒன்றே ஒன்றை, நானே படித்து நானே முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டும். இவரிடம் நேருக்கு நேர் கேட்கப் பயந்துகொண்டு, ஆடியையும் அஷ்டமியையும் முன்னால் நிறுத்தி ஒளிந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

போட்டுவிட்டேன்.

ராமானுஜம் சார் இரண்டு மணிக்கு பங்க்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மாஸ்க் இல்லை, தொப்பி இல்லை, பட்டப்பகலில் போய் ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். தேவானை கையில் இருந்த குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் சாப்பிட்ட கை கழுவாமல் ஓடி வந்தார். "யாரு ஓட்டிட்டு வந்தா?"

"நான்தான். லஸ் சிக்னல்ல உங்கள முந்துனதும் நான்தான்."

கடிதத்தைப் படித்தேன். ஒரு சந்தேகம் கேட்டேன். ராமானுஜம் சார் விளக்கினார். பேனாவைத் திறக்கும்போது இவர் பதறிவிட்டார். "ஏ ஸ்வர்ணா, மணி ரெண்டு! ராகு காலம்ட்டி! ஆடி வேற!"

"தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. "அப்ப அந்தச் சுளுக்கு? ஆடி? சந்திராஷ்டமம்?"

"சந்திராஷ்டமம் மட்டும் நிஜம்."

"என்னைய ஏமாத்திட்டியா?" என்று கேட்டார். நான் அமைதியாகச் சொல்ல நினைத்ததெல்லாம் போய், "இருவத்திரண்டு வருசமா படிக்கவிடாம கையெழுத்து வாங்குனீகளே, அதுக்குப் பேரு என்ன?" என்று கத்திவிட்டேன். அத்தனை பேர் முன்னால். பெட்ரோல் போட வந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு. வண்டியில் ஏறி நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

இவர் என்னோடு பேசுவதில்லை. போனில் தேவானையைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் இருக்கும்போதே, "முதலாளியம்மாட்ட கேளு, இன்னைக்கு பெட்ரோல் லோடு எடுக்கலாமான்னு" என்கிறார். எனக்கும் பேசத் தெரியாதா என்ன? எடுக்கலாம் என்று நானும் தேவானைக்கே போன் போட்டுச் சொன்னேன். "ஒரே வூட்ல குந்திகினு ரெண்டு போனா? என் சார்ஜ் பூடும்மா!" என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு நாளாக இவர் என் கையால் காபிகூட வாங்கிக் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஐந்தரைக்கு இவர் எழுந்திருக்கவில்லை. கண் விழித்துத்தான் கிடக்கிறார். விட்டத்தைப் பார்த்து, "ஓனர் போய் போணி பண்ணட்டும்" என்றார். மூன்று நாளில் எனக்குக் கிடைத்த முதல் வாக்கியம்.

போனேன். பங்க்கில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. தேவானை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "வாயே இல்லாத வண்டிய இட்டாந்துட்டு போணி பண்ணச் சொல்றியேம்மா, நான் எங்க ஊத்தறது?" காற்றுக்குக் காசு கிடையாது, அதைப் போணி என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து ஷோயப் ஆட்டோ வந்தது. அவர் வண்டிக்கு இரண்டு லிட்டர் போடச் சொல்லி நான் காசு கொடுத்தேன். போணி ஆனது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷோயப் சும்மா இருப்பாரா? ஓசிப் பெட்ரோல் கதையை ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியிருக்கிறார். இன்று ஐந்தரைக்குப் போனால் ஏழு ஆட்டோ வரிசை கட்டி நிற்கிறது. "அக்கா, என் கை ரொம்ப ராசியான கை!" என்று ஏழு பேரும் கத்துகிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று நடந்ததைத் தேவானை ஒன்று விடாமல் இவரிடம் ஒப்பித்திருக்கிறாள். இன்று ஐந்து மணிக்கே குளித்து, விபூதி பூசி, டீசல் வண்டியைக் கிளப்பிவிட்டார். "போணியச் சிரிப்பாச் சிரிக்க வச்சிட்டா" என்று வாசல் கேட்டிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து, கேட்காமலே அடுக்களை வாசலில் நின்றார். காபியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "சர்க்கர கம்மி" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கத்திருக்கக் கூடாது" என்றேன். இவர் தலையை மட்டும் ஆட்டினார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ ஓட்டுதது எனக்குத் தெரியாமப் போச்சே, அதான் பெரிய இதுவா இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

சேரனிடம் இவர் போய்ப் பேசிவிட்டார். சேரனுக்குக் கோபம். வாட்டர் வாஷுக்கு இப்போது அடையாறில் இடம் பார்க்கிறாராம். சீட்டாட்டம் மட்டும் நிற்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

நான்கு மாதமாக இதில் எழுதவே நேரமில்லை. தினமும் பத்து மணிக்கு பங்க்குக்குப் போய்விடுகிறேன். லாவண்யா இன்னும் ஆறு மாதம் புனேயிலேயே இருக்கப்போகிறாளாம். வண்டி என்னிடம்தான்.

சார்ஜர் இரண்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. கூட்டம் அலைமோதுகிறது என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு வண்டி. செருகத் தெரியாமல் முழிப்பவர்களுக்கெல்லாம் தேவானைதான் வாத்தியார். இந்த வாரம் இரண்டில் ஒன்று படுத்துவிட்டது. கம்பெனி ஆள் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்கிறான்.

இன்று மத்தியானம் ஒரு பெரிய மனிதர், நல்ல உயர்ந்த வண்டி, முக்கால் மணி நேரம் காத்திருந்த கோபத்தில் நேரே ஆபீஸுக்குள் வந்து மேசையைத் தட்டினார். "யாருய்யா இங்க ஓனர்? சார்ஜர் வேல செய்யலன்னா எதுக்குய்யா வச்சிருக்கீங்க? கூப்பிடுய்யா ஓனர!"

முன் மேசையில் இருந்தது இவர். வெள்ளை வேட்டி, விபூதி, தங்கச் சங்கிலி. யார் பார்த்தாலும் இவரைத்தான் ஓனர் என்பார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருந்தேன். இவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்தபடியே கையை என் பக்கம் நீட்டினார்.

"நான் சும்மா இங்க இருக்கவன் சார். ஓனரம்மா உள்ள இருக்காக. எவ்வளவு திட்டணுமோ அங்க போய்த் திட்டுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் இவர் என்னைக் குத்தலில்லாமல், ஒரு வெளியாளிடம், ஓனர் என்று சொல்வது இதுதான் முதல் தடவை. அதுவும் திட்டு வாங்கக் கூப்பிடும்போது! கண்ணாடி வழியாக முறைத்தேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கிக்கொண்டிருந்தது. படுபாவி, சிரிக்கிறார்.

சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனேன்.

"வாங்க சார், நான்தான் ஓனர். உக்காருங்க. சொல்லுங்க."